நம் வீட்டுக் காரியஸ்தன் யார்?

(மட்டாஞ்சேரியில் நடந்த மூத்த அங்கத்தினர்கள் கூட்டத்தில், இணைய உலாவியைத் தேர்ந்தெடுப்பது பற்றி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கம்ப்யூட்டர் விஷயம் பேச ஒரு இளைஞரை அழைத்திருக்கலாமே, எழுபதைத் தாண்டிய இந்த மனுஷரை ஏன் அழைத்தார்கள் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நானும் செயலாளரிடம் இதையே கேட்டேன். "சின்னப் பசங்க எல்லாம் ரொம்ப வேகமாச் சொல்லிட்டுப் போயிடறா மாமா. நீங்க சொன்னா எங்களுக்குப் புரியும்" என்றார். நான் லாகரிதம் புஸ்தகத்தைப் பார்த்துக் கணக்குப் போட்ட காலத்தில் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்தவன். பிறகு உத்தியோகம் முழுவதும் அரசாங்கக் கோப்புகளோடுதான். கம்ப்யூட்டர் வல்லுநன் என்று சொல்லிக்கொள்ளும் யோக்யதை எனக்கு இல்லை. ஆனால் இன்றைய விஷயத்தில் பாதிதான் கம்ப்யூட்டர். மீதிப் பாதி, யாரை எதுவரை நம்பலாம் என்பது. அது நம் வயதுக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம்மில் பலர் "கூகுளைத் திறந்தேன்" என்று சொல்கிறோம். மூன்று சமாசாரங்கள் இங்கே ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. இணையம் என்பது சாலை. கூகுள் தேடல் என்பது அந்தச் சாலையில் வழி கேட்கும் இடம். அந்தச் சாலையில் நமக்காகப் போய், நாம் கேட்டதை வாங்கிக்கொண்டு வந்து நம் கண் முன்னால் விரித்துக் காட்டும் மென்பொருள்தான் பிரௌசர். தமிழில் உலாவி. க்ரோம், எட்ஜ், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் எல்லாம் உலாவிகளின் பெயர்கள். வேறு எதையும் நாமாகப் போட்டுக்கொள்ளாவிட்டால், ஆண்ட்ராய்டு ஃபோனில் பெரும்பாலும் க்ரோம், விண்டோஸ் கம்ப்யூட்டரில் எட்ஜ், ஆப்பிள் சாதனங்களில் சஃபாரி என்று, விற்றவர் வைத்ததே நம் உலாவியாகிவிடுகிறது.

டிம் பெர்னர்ஸ்-லீ ஸ்விட்ஸர்லாந்தில் உள்ள செர்ன் பௌதிக ஆய்வுக்கூடத்தில் 1990-ல் முதல் உலாவியை எழுதினார். நம் தேசத்தில் பொது ஜனங்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். மூலமாக. இணையத்தின் தர விதிகளில் உலாவிக்கு வைத்திருக்கும் பெயர் 'யூசர் ஏஜென்ட்'. உபயோகிப்பவரின் ஏஜென்ட், அதாவது நம் சார்பில் காரியம் பார்ப்பவன். நம் முன்னோர் பாஷையில் சொன்னால், காரியஸ்தன்.

நிலபுலன் இருந்த குடும்பங்களில் பாட்டம் வசூலிக்கவும், கோர்ட்டுக்குப் போகவும், கடையில் கணக்குத் தீர்க்கவும் ஒரு காரியஸ்தன் இருப்பான். அவனை வைத்துக்கொள்ளும் முன் பெரியவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். ஒன்று, காரியத்தில் கெட்டிக்காரனா? மற்றொன்று, யாருடைய உப்பைத் தின்கிறான்? கெட்டிக்காரனாக இருந்து எதிர்க் கட்சிக்காரனிடம் படி வாங்குபவன் குடும்பத்தைக் கெடுப்பான். யோக்கியனாக இருந்து ஒரு காரியமும் தெரியாதவனாலும் பிரயோஜனம் இல்லை. உலாவிக்கும் இதே இரண்டு கேள்விதான்.

"எனக்கு மறைக்க என்ன இருக்கிறது?"

அந்தரங்கம் என்று பேச்செடுத்தாலே, "நான் என்ன கள்ளக் கடத்தலா செய்கிறேன், என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். என் எண்ணம் மாறிய விதத்தைச் சொல்லியாக வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் என் வலது கையில் லேசாக ஒரு நடுக்கம் தென்பட்டது. காப்பி டம்ளரைப் பிடித்தால் தெரியும். டாக்டரிடம் போகும் முன், யாரிடமும் சொல்லாமல், ஒரு நாள் ராத்திரி வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு வியாதியின் பெயரைத் தட்டி ஒரு மணி நேரம் படித்தேன். பிறகு பேசாமல் படுத்துக்கொண்டேன். மறுநாள் காலை என் மனைவி வழக்கம் போல ஏதோ சமையல் குறிப்பு பார்க்க அதே கம்ப்யூட்டரைத் திறந்தாள். பக்கத்திலேயே அந்த வியாதிக்கு வைத்தியம் என்று ஒரு விளம்பரம், கை நடுங்குபவர்களுக்கு விசேஷ ஸ்பூன் என்று இன்னொரு விளம்பரம். "இதெல்லாம் எதுக்கு நம்மாத்துல வரது?" என்று கேட்டாள். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். அன்று மத்தியானம் சாப்பிடும்போது அவள் இலையைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரைப் பார்க்க நாள் கிடைக்கும் வரை அவள் சரியாகத் தூங்கவில்லை. பிறகு பரிசோதனை செய்து, நான் பயந்த வியாதி அது இல்லை, வயதினால் வரும் சாதாரண நடுக்கம் என்று சொன்னார்கள். பகவான் க்ருபை. ஆனால் மனைவியிடம் எப்போது, எந்த வார்த்தையில் சொல்வது என்று நான் தீர்மானிக்க வேண்டிய ஒரு விஷயத்தை, என்னைக் கேட்காமல் வேறு யாரோ சொல்லிவிட்டார்கள். நான் மறைக்க வேண்டிய குற்றம் எதுவும் அதில் இல்லை. இருந்தாலும் அது என்னுடையது.

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி, விரலைத் தொட்டு விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். அது திருட்டு வியாபாரம் அல்ல. விலை இரண்டு பேருக்குள் முடிய வேண்டியது, அவ்வளவுதான். இணையத்தில் நமக்கு அந்தத் துண்டு இல்லாமல் போனது எப்படி என்று பார்ப்போம்.

குக்கியும் விரல் ரேகையும்

ஒரு இணையப் பக்கத்துக்கு இயற்கையாக ஞாபக சக்தி கிடையாது. நீங்கள் இரண்டாவது தடவை போனாலும் புது மனுஷரைப் பார்ப்பது போலத்தான் பார்க்கும். கடையில் கூடையில் போட்ட சாமானை அடுத்த பக்கம் போனதும் மறந்துவிட்டால் வியாபாரம் நடக்குமா? ஆகவே நெட்ஸ்கேப் கம்பெனியில் லூ மோன்டுல்லி என்ற இளைஞர் 1994-ல் ஒரு உபாயம் செய்தார். அந்தத் தளம் ஒரு சிறு அடையாளச் சீட்டை உங்கள் உலாவியிடம் கொடுத்து வைக்கும். மறுபடி போகும்போது உலாவி அதைக் காட்டும். அதுதான் குக்கி. இதில் தப்பு ஒன்றும் இல்லை. பேங்க் தளத்தில் நீங்கள் உள்ளே நுழைந்தபின் ஒவ்வொரு பக்கத்திலும் பாஸ்வேர்டு கேட்காமல் இருப்பது இதனால்தான்.

தப்பு எங்கே வந்தது என்றால், நீங்கள் படிக்கும் பத்திரிகைப் பக்கத்தில் விளம்பரத்துக்கு இடம் எடுத்திருக்கும் மூன்றாம் ஆளும் ஒரு சீட்டைக் கொடுக்க ஆரம்பித்தான். அதே ஆள் சமையல் பக்கத்திலும் இருக்கிறான், வைத்தியப் பக்கத்திலும் இருக்கிறான், ரயில் டிக்கெட் பக்கத்திலும் இருக்கிறான். எல்லா இடத்திலும் அதே சீட்டைப் பார்ப்பதால், ஒரே ஆள்தான் இங்கெல்லாம் போகிறார் என்று கோத்துக்கொள்கிறான். என் கை நடுக்கம் சமையல் குறிப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது இந்த மாதிரி வழிகளில்தான்.

இரண்டாவது முறை இன்னும் சூட்சுமமானது. குக்கியே இல்லாமல், உங்கள் திரையின் அளவு, எழுத்துருக்கள், நேர மண்டலம், உலாவியின் பதிப்பு முதலியவற்றைச் சேர்த்துப் பார்த்து ஆளை அடையாளம் காண்பது. இதை விரல் ரேகை எடுத்தல் என்றே சொல்கிறார்கள். அமெரிக்காவில் எலக்ட்ரானிக் ஃப்ரன்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2010-ல் செய்த ஆய்வில், பரிசோதித்த உலாவிகளில் நூற்றுக்கு 83-க்கும் மேற்பட்டவை மற்றெதோடும் ஒத்துப்போகாத தனி ரேகை உடையவையாக இருந்தன. அதே அமைப்பு 'கவர் யுவர் டிராக்ஸ்' என்ற பெயரில் இலவசப் பரிசோதனைப் பக்கம் நடத்துகிறது. சயன்ஸ் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், என் வார்த்தையை நம்ப வேண்டாம். வீட்டில் இரண்டு உலாவிகளில் அந்தப் பரிசோதனையைச் செய்து நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

பேரன் பேத்திகள், "தாத்தா, இன்காக்னிட்டோவில் போ, யாருக்கும் தெரியாது" என்பார்கள். பாதிதான் சரி. அந்த ஜன்னலை மூடியதும் உங்கள் கம்ப்யூட்டரில் சுவடு இருக்காது, அவ்வளவே. நீங்கள் போகும் தளத்துக்கும், இணைய இணைப்பு தருபவருக்கும் அது திரை அல்ல. அமெரிக்காவில் இது குறித்து 2020-ல் கூகுள் மேல் போட்ட வழக்கு 2024-ல் சமரசத்தில் முடிந்தது. அந்த முறையில் உலாவியவர்களைப் பற்றிச் சேர்ந்த பதிவுகளை அழிக்கவும், விளக்க வாசகத்தைத் திருத்தவும் கம்பெனி ஒப்புக்கொண்டது.

யார் உப்பை யார் தின்கிறார்கள்?

உலாவிக்கு நாம் காசு கொடுப்பதில்லை. அப்படியானால் அதை எழுதும் ஆயிரக்கணக்கான இன்ஜினீயர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது?

க்ரோம் 2008 செப்டம்பரில் வந்தது. வேகமானது, பாதுகாப்பில் கெட்டி, எல்லாத் தளமும் அதில் ஒழுங்காகத் திறக்கும். உலகில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உலாவல் அதில்தான் நடக்கிறது. ஆனால் அதன் தாய்க் கம்பெனிக்கு 2024-ல் வந்த வருமானத்தில் சுமார் நான்கில் மூன்று பங்கு விளம்பரத்திலிருந்து வந்தது. மூன்றாம் ஆள் குக்கிகளை ஒழிப்போம் என்று 2020-ல் அறிவித்தார்கள், பலமுறை தள்ளிப்போட்டார்கள், 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். விளம்பரங்களைத் தடுக்கப் பலர் வைத்திருந்த யுபிளாக் ஆரிஜின் என்ற துணை நிரலும், விதிகளை மாற்றியதால் 2025-ல் க்ரோமில் வேலை செய்யாமல் போயிற்று. அதன் லேசான வடிவம் மட்டும் கிடைக்கிறது. காரியஸ்தன் மஹா கெட்டிக்காரன். ஆனால் படி வேறிடத்திலும் வாங்குகிறான்.

ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சிலிருந்து மூன்றாம் ஆள் குக்கிகளை முழுவதும் தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2022 ஜூனிலிருந்து ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனி ஜாடியில் மூடி வைக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் மொஸில்லா என்ற லாப நோக்கமில்லாத அறக்கட்டளைக்குச் சொந்தமானது. அதனால் அது முற்றும் துறந்த முனிவர் என்று எண்ண வேண்டாம். அதன் வருமானத்தில் பெரும் பகுதி, கூகுளை இயல்பான தேடலாக வைத்துக்கொள்வதற்காகக் கூகுள் கொடுக்கும் பணம். இப்படிப் பல கம்பெனிகளுக்குக் கொடுத்த தொகை 2021-ல் மட்டும் 2,600 கோடி டாலருக்கு மேல் என்று அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிவந்தது. ப்ரேவ் என்ற உலாவி வந்ததிலிருந்தே விளம்பரங்களையும் பின்தொடர்வோரையும் தடுத்து வருகிறது. அதுவும் 2020-ல், சில முகவரிகளைத் தட்டும்போது தனக்குக் கமிஷன் வரும்படி வால் சேர்த்தது தெரிந்து, மன்னிப்புக் கேட்டுத் திருத்திக்கொண்டது.

குறை இல்லாத காரியஸ்தன் கிடையாது. குறை எது என்று தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

நம் ஊர் உலாவி

"நம்மவர்கள் செய்தது ஒன்றும் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. பெயரே தமிழ்: உலா. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனம் 2023 மே மாதம் வெளியிட்டது. ஸ்ரீதர் வேம்புவும் மற்றவர்களும் 1996-ல் ஆரம்பித்த கம்பெனி அது. விளம்பர வருமானம் தங்களுக்கு வேண்டாம் என்பது அவர்கள் பகிரங்கமாகச் சொல்லிவரும் கொள்கை. உலாவில் உத்தியோகத்துக்கு ஒன்று, சொந்த உபயோகத்துக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று என்று தனித்தனி அறைகள் உண்டு. ஒரு அறையில் செய்தது மற்றதற்குப் போகாது.

மத்திய அரசின் மின்னணுவியல் அமைச்சகம் இந்திய உலாவி ஒன்றை உருவாக்க 2023 ஆகஸ்டில் ஒரு போட்டி அறிவித்தது. 2025 மார்ச் 20 அன்று முடிவு வந்தது. ஸோஹோ அணிக்கு முதல் பரிசு 1 கோடி ரூபாய். பிங் அணிக்கு 75 லட்சம், அஜ்னா அணிக்கு 50 லட்சம்.

இங்கே ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு இந்த மட்டாஞ்சேரியைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பக்கத்தில் இருக்கும் அரண்மனையை எல்லோரும் டச்சுக் கொட்டாரம் என்கிறோம். 1555 வாக்கில் அதைக் கட்டிக் கொடுத்தவர்கள் போர்ச்சுகீசியர். 1663-க்குப் பின் செப்பனிட்டவர்கள் டச்சுக்காரர். வாசம் செய்தது கொச்சி ராஜ வம்சம். பெயர் ஒருவருடையது, அஸ்திவாரம் இன்னொருவருடையது. உலாவிகளும் அப்படியே. உலா, எட்ஜ், ஓபரா, ப்ரேவ், விவால்டி எல்லாமே க்ரோமியம் என்ற ஒரே அஸ்திவாரத்தின் மேல் கட்டியவை. அதைப் பெரும்பாலும் எழுதிப் பராமரிப்பது கூகுள். மூல நிரல் பகிரங்கமானது, யாரும் எடுத்து மாற்றலாம். ஆகவே இது ஏமாற்று வேலை அல்ல. இருந்தாலும் அஸ்திவாரத்தில் பெரிய மாற்றம் வந்தால் மேலே இருப்பவர்கள் எல்லோரும் அசைய வேண்டியிருக்கும். முக்கியமான உலாவிகளில் தனி அஸ்திவாரம் உள்ளவை ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும்தான்.

'நம்மது' என்பது மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு உதாரணம். நீங்கள் திறந்தது உண்மையான பேங்க் தளம்தானா என்று உலாவி ஒரு சான்றிதழைப் பார்த்துத் தீர்மானிக்கிறது. எந்தச் சான்றளிப்பவரை நம்புவது என்ற பட்டியல் உலாவியோடோ கணினியோடோ வருகிறது. இந்திய அரசின் மூலச் சான்றிதழை இயல்பாக உள்ளடக்கியிருக்க வேண்டும் என்பது அந்தப் போட்டியின் நோக்கங்களில் ஒன்று. அது நியாயமான ஆசை. ஆனால் 2014 ஜூலையில், நம் தேசிய தகவல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவிலிருந்து கூகுள் முகவரிகளுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளிவந்துவிட்டன. உடனே அவை ரத்து செய்யப்பட்டன, உலாவிகளும் கட்டுப்பாடு விதித்தன. அரசாங்கத்தில் பென்ஷன் வாங்குபவன் நான், அரசாங்கத்தைக் குறை கூற வரவில்லை. சாவி யார் கையில் இருந்தாலும், வெளியிலிருந்து ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்பதுதான் பாடம். நம் ஆபீஸ்களில் ஆடிட் இருந்ததும் இதனால்தானே?

காரியம் நடக்க வேண்டாமா?

இனி முதல் கேள்விக்கு வருகிறேன்: கெட்டிக்காரனா? நம் வயதுக்கு உபயோகம் என்றால் என்ன? கண்ணுக்கு எழுத்துத் தெரிய வேண்டும். விரல் நடுங்கினாலும் வேறிடத்தில் அழுத்திவிடக் கூடாது. பென்ஷன், வருமான வரி, ரயில் டிக்கெட் தளங்கள் நடுவில் நின்றுவிடக் கூடாது.

எழுத்துச் சிறியதாக இருந்தால், விண்டோஸ் கம்ப்யூட்டரில் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு ப்ளஸ் விசையைத் தட்டுங்கள். எல்லா உலாவியிலும் பெரிதாகும். சஃபாரியிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் 'ரீடர்' என்ற வசதி உண்டு. பக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கும் சாமான்களையெல்லாம் நீக்கிவிட்டு, கட்டுரையை மட்டும் புஸ்தகம் போலக் காட்டும். எட்ஜ் உலாவி தமிழ்க் கட்டுரையை உரக்கப் படித்தும் காட்டும். காட்டராக்ட் ஆபரேஷன் ஆனவர்களுக்கு இது பெரிய உபகாரம்.

கடுமையான காவல் வைத்த உலாவியில் சில தளங்கள் திறக்காது, சில பொத்தான்கள் வேலை செய்யாது. அதனால் வெறுத்துப்போய்ப் பழையதற்கே திரும்பிவிடுபவர்கள் நிறைய. நானும் ஒரு தடவை பாதி ரயில் டிக்கெட்டில் மாட்டிக்கொண்டு திரும்பினேன். பிறகுதான் புத்தி வந்தது: எல்லாக் காரியத்துக்கும் ஒரே காரியஸ்தன் எதற்கு? உலாவி இலவசம், இரண்டு வைத்துக்கொள்ளலாமே! இப்போது நான் பின்பற்றும் ஏற்பாடு இதுதான்:

1. பேங்க், பென்ஷன், வருமான வரி, டிக்கெட்: இவற்றுக்கு மட்டும் க்ரோம் அல்லது எட்ஜ். அரசாங்கத் தளங்கள் பெரும்பாலும் இவற்றில் ஒழுங்காகத் திறக்கும். அங்கே நம் பெயரை நாமே சொல்லித்தான் நுழைகிறோம், ஒளிக்க ஒன்றுமில்லை. அதில் துணை நிரல் எதுவும் போடாமல் துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி வைத்திருக்கிறேன். வேறு எதையும் அதில் தேடுவதில்லை.

2. படிப்பது, தேடுவது, வைத்திய விஷயம் பார்ப்பது: இவற்றுக்கு ஃபயர்ஃபாக்ஸ், ப்ரேவ், உலா மூன்றில் ஒன்று. நான் ஃபயர்ஃபாக்ஸில் யுபிளாக் ஆரிஜின் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆண்ட்ராய்டு ஃபோனில் உள்ள ஃபயர்ஃபாக்ஸிலும் அதைச் சேர்க்கலாம். இந்தியாவில் ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு எந்தப் பெயரில் உலாவி போட்டாலும் உள்ளே இருப்பது சஃபாரியின் அஸ்திவாரம்தான், சஃபாரியே போதும்.

3. ஒரே கம்ப்யூட்டரை வீட்டில் பலர் உபயோகித்தால் ஆளுக்கொரு 'ப்ரொஃபைல்' வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா தேடியது பாட்டிக்கு வராது, பாட்டி தேடியது பேரனுக்குப் போகாது. இதை நான் முன்பே செய்திருந்தால் அந்த வாரம் என் மனைவி நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

4. ஏதாவது தளம் "நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா?" என்று கேட்டால், 'பிளாக்' என்று அழுத்துங்கள். "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்று மூலையில் குதித்து வரும் பொய் எச்சரிக்கைகளில் பல, என்றோ தெரியாமல் அழுத்திய 'அலோ'வின் பலன்.

5. முகவரியின் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் யோக்கியமான தளம் என்று அர்த்தம் அல்ல. வழியில் யாரும் ஒட்டுக் கேட்க முடியாது என்பதுதான் அதன் பொருள். மறுமுனையில் இருப்பவன் திருடனாகவும் இருக்கலாம். இந்தக் குழப்பத்தினாலேயே க்ரோம் 2023-ல் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டது. பேங்க் முகவரிக்கு இப்போது நல்ல அடையாளம் வந்திருக்கிறது. ரிசர்வ் பேங்க் உத்தரவுப்படி, 2025 அக்டோபர் 31-க்குள் பேங்குகள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ஏற்பாடு. அந்த முடிவைப் பார்த்துக்கொள்ளுங்கள். கஸ்டமர் கேர் நம்பரைத் தேடலில் பார்த்துக் கூப்பிடாதீர்கள்; பாஸ் புஸ்தகத்திலோ கார்டின் பின்புறத்திலோ உள்ளதைக் கூப்பிடுங்கள்.

6. சொந்தக் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டை உலாவியிடம் சேமித்து வைப்பதில் ஒரு லாபம் உண்டு. பேங்க் தளம் போலவே வேஷம் போட்ட போலித் தளத்தில் அது பாஸ்வேர்டைத் தானாக நிரப்பாது. நம் கண் ஏமாறும், அது ஏமாறாது. ஆனால் அக்ஷயா கேந்திரத்திலோ பிறர் கம்ப்யூட்டரிலோ ஒருபோதும் சேமிக்காதீர்கள். அங்கே 'கெஸ்ட்' ஜன்னலில் திறக்கச் சொல்லி, காரியம் முடிந்ததும் வெளியேறி, அந்த ஜன்னலை மூடிய பிறகே நாற்காலியை விட்டு எழுந்திருங்கள்.

7. 'அப்டேட்' கேட்டால் மறுக்காதீர்கள். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2022 ஜூன் 15-லேயே ஓய்வு பெற்றுவிட்டது. விண்டோஸ் 7-ல் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவர்களுக்குப் புதிய க்ரோம் 2023-லிருந்தே வருவதில்லை. உளுத்துப்போன கதவுக்கு எந்தப் பூட்டும் உதவாது.

8. 2025-லிருந்து செயற்கை நுண்ணறிவு உள்ளே வைத்த உலாவிகள் வர ஆரம்பித்துள்ளன. நமக்காக அதுவே படித்து, அதுவே படிவம் நிரப்பும். படிக்கும் பக்கத்தில் யாராவது ஒளித்து வைத்த கட்டளையை எஜமானன் கட்டளை என்று எண்ணி அவை நடந்துகொள்ளக்கூடும் என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். வேடிக்கை பார்க்கலாம். பேங்க் சாவியை மட்டும் கொடுக்காதீர்கள்.

இவ்வளவும் செய்தும் பணம் போய்விட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு ஒளிக்காமல், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

எட்டு விஷயம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். இன்று வீட்டுக்குப் போய் மூன்றாவதை மட்டும் செய்யுங்கள், பத்து நிமிஷம் ஆகும். ஒத்தாசைக்குப் பேரன் பேத்தியைக் கூப்பிடுங்கள். கேரளப் பள்ளிக்கூடங்களில் பல வருஷங்களாகவே கட்டற்ற மென்பொருளில்தான் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறார்கள். க்ரோம் தவிர வேறு உலாவி உண்டு என்பது அந்தக் குழந்தைகளுக்குத் தெரியும்.

ஒரு பெரியவரின் வழக்கு

கடைசியாக ஒருவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர் கே.எஸ். புட்டஸ்வாமி. 2012-ல், எண்பத்தைந்தைத் தாண்டிய வயதில், ஆதார் விஷயமாக உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டார். அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து, அந்தரங்கம் அரசியல் சட்டம் தரும் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அதன் தொடர்ச்சியாக 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகளும் வந்தன. கம்பெனிகளின் முக்கியமான கடமைகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். புட்டஸ்வாமி அவர்கள் 2024 அக்டோபரில், 98-வது வயதில் காலமானார்.

"இந்த வயசுக்கு மேல் இதெல்லாம் எதற்கு?" என்று நம்மில் யாராவது சொன்னால், அவரை நினைத்துக்கொள்ளுங்கள். நம்மால் வழக்குப் போட முடியாமல் இருக்கலாம். சட்டம் முழுவதும் அமலுக்கு வரும் வரை காத்திருக்காமல், நம் வீட்டுக் காரியஸ்தனை நாமே பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியும்.

என் கை இப்போதும் லேசாக நடுங்கத்தான் செய்கிறது. இந்தக் காகிதத்தைப் பிடித்திருப்பதில் நீங்களே கவனித்திருப்பீர்கள். பாதகமில்லை. இந்த முறை அதை உங்களிடம் நான்தான் சொன்னேன்.